செத்த லைனுக்கு ஒரு காவல்

தங்கராணி சில்க்போர்க்கிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு டென்மார்க்கின் பிராண்டேக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிறு பகல் பன்னிரண்டரை. கதவைத் திறந்தவன் லூக்காஸ். அவனும் வீட்டுக்காரர் சிவானந்தனும் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் ஒன்றாகத்தான். அது 2009ஆம் ஆண்டு வைகாசி மாதம். யார் கதவைத் தட்டினாலும் வன்னிச் செய்தியோ என்று நினைத்த நாட்கள். அவள் முகத்தைக் கண்டதும் லூக்காஸ் கையிலிருந்த கறிச்சட்டியை இறக்கி வைத்தான்.

“அண்ணை, ஆரோ போன் லைனை வெட்டியிருக்கினம்,” என்றாள் தங்கராணி.

சிவானந்தன் ஊரில் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். களவு, காணாமல் போன சாமான், தீராத வழக்கு எதுவென்றாலும் சனம் அவரிடம்தான் வரும். அவர் கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அவளுடைய தம்பி ரஜீவன் வன்னியின் கடைசித் துண்டு நிலத்தில் இருந்தான். யாருடையதோ சற்றலைட் போனில் சனிக்கிழமை இரண்டரைக்குத் தேவாலயச் சபை மண்டபத்துக்கு எடுப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தான். அங்கே பலரின் கையில் இருந்த டென்மார்க் எண் அது ஒன்றுதான்.

“நான் ரெண்டு பத்துக்கே போயிட்டன். ஒபிஸ் கதவு சாத்திக் கிடந்தது. மண்டபம் பாக்கிற தேவராசா அண்ணை செபத்தில இருப்பார் எண்டு தட்டேல்லை. கதவடியில வெளிப்பக்கம் இருக்கிற போன் பெட்டியில பச்சை லைற் எரிஞ்சுது. லைன் நல்லாயிருக்கெண்டு நினைச்சுப் போய் மண்டபத்துக்குள்ள இருந்தன். ரெண்டரைக்குத் தட்டினால், மத்தியானமே லைன் செத்துப்போச்சு, லைற்றைப் பார் எண்டுறார். பாத்தன். உண்மையாய் எரியாமல் நூந்து கிடக்குது.”

“இண்டைக்கு?”

“வரவேண்டாமாம். திங்கள்தான் திருத்த ஆள் வருமாம்.”

“அந்த இருபது நிமிசத்துக்குள்ள ஆரோ வயரில கை வைச்சிருக்கிறாங்கள்!” லூக்காஸ் எழுந்தே விட்டான்.

“முதல்ல சோத்தைத் தின்னடா. வெட்டினவனைப் பிறகு பிடிப்பம்,” என்றார் சிவானந்தன்.

ஒன்றேமுக்காலுக்கு மூவரும் மண்டபத்துக்குப் போனார்கள். ஆராதனை முடிந்து சனம் போய்விட்டிருந்தது. வெறும் கதிரைகள் வரிசையாக நின்றன. அலுவலகத்தில் மண்டபப் பொறுப்பாளர் தேவராசா தனியே இருந்தார். பக்கத்தில் தேநீர்ப் போத்தலும் கடதாசியில் சுற்றிய பாண் ரொட்டியும். மேசைக் கண்ணாடிக்குக் கீழே மகன் நேதனின் படம். நேதனும் வன்னியில்தான், மாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

“இதிலையும் எழுதிக் கிடக்கு,” லூக்காஸ் தொலைபேசியின் சின்னத் திரையைத் தட்டித் தட்டி லைன் நிலவரத்தைக் கண்டுபிடித்தான். “இனாக்டிவ். செத்துத்தான் போச்சு.”

“உன்ர கைப்போனில இருந்து இந்த நம்பரை அடி,” என்றார் சிவானந்தன்.

லூக்காஸ் அடித்தான். கதவடியில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் மேசையில் மணி அடித்தது. அவன் வெட்டிவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். சில நிமிடத்தில் அது நூர்ந்தது.

“இது ஐ.எஸ்.டி.என். எண்ட டிஜிட்டல் லைன்,” என்றார் சிவானந்தன். “ஒருதரும் கதைக்காட்டில் கரண்டை மிச்சம் பிடிக்க நித்திரைக்குப் போயிடும். லைற் நூந்தால் நித்திரை, சாவில்லை. தங்கச்சி நூந்திருக்கக் கண்டதும் சரி, எரியக் கண்டதும் சரி. கேள்வி வேற. ரெண்டு பத்துக்கு லைனை எழுப்பினது ஆர்?”

தேவராசா தேநீர்ப் போத்தலை நகர்த்தி வைத்தார்.

“ரெண்டு வழிதான். இங்கயிருந்து ஆரும் எடுக்கோணும், இல்லாட்டில் வெளியில இருந்து அழைப்பு வரோணும். லூக்காஸ், அடிச்ச நம்பர்களைப் பார்.”

“கடைசி வியாழக்கிழமை, அண்ணை.”

“எடுக்காமல் விட்ட அழைப்பு?”

“இப்ப நான் அடிச்சது மட்டும்தான்.”

“அப்ப நேற்று அழைப்பு வந்தது. ஆரோ எடுத்துக் கதைச்சிருக்கினம். சாத்தின கதவுக்குள்ள இருந்தது நீங்கள் ஒராள்தான்.” சிவானந்தனின் குரல் உயரவில்லை. “எனக்கு இன்னொண்டு சொல்லுங்கோ. செத்த லைனுக்குப் பக்கத்தில பாணும் தேத்தண்ணியும் வைச்சுக்கொண்டு இண்டைக்கு ஏன் காவல் இருக்கிறியள்?”

தேவராசா கண்ணாடியின் மேல் கையை வைத்தார். மகனின் முகம் மறைந்தது.

“ரஜீவன் ரெண்டு பத்துக்கே எடுத்திட்டான். முதல் கேட்டது, ‘அக்கா நிக்கிறாவோ’ எண்டுதான். அவ வருவா, என்ர நேதனைக் கண்டனியோ எண்டன். வியாழன் வரைக்கும் கண்டதாம். பிறகு எண்டன். பேசாமல் நிண்டான். பற்றறி போகுது, அக்காவுக்கு ஒரு சொல்லுச் சொல்லோணும் எண்டான். நான் விடேல்லை. மூண்டு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டன். ஏலுமெண்டால் நாளைக்கும் இதே நேரம் எடுக்கிறன் எண்டான்... பிறகு ஏதோ பெரிய சத்தம். அறுந்துபோச்சு.”

“நான் சுவருக்கு அங்கால இருந்தன்,” என்றாள் தங்கராணி.

“நீ வந்தது தெரியாது, பிள்ளை.”

“தட்டினபோது தெரியும்தானே. இண்டைக்கு வரவேண்டாம் எண்டு தெரிஞ்சுதானே சொன்னனீங்கள்.”

இன்றைய அழைப்பையும் நேதனுக்கென்றே தேவராசா எடுத்து வைத்திருந்தார். திட்ட வாயைத் திறந்த லூக்காஸ் சுவரை நிமிர்ந்து பார்த்தான். சுவர் மணிக்கூட்டில் இரண்டு ஐந்து. இரண்டு பத்து. தேவராசா எழுந்து கதிரையைவிட்டு விலகினார். தங்கராணி அதில் அமர்ந்தாள். இரண்டு பதினைந்து. அந்தப் பெரிய சத்தம் என்னவாக இருக்கும் என்று அவளும் கேட்கவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை. நான்கு பேரும் திறந்த கதவு வழியே அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு இருபத்தொன்றுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

தேவராசாவின் கை தன்பாட்டில் முன்னே வந்தது. அவரே அதைப் பிடித்து இழுப்பதுபோலப் பின்னால் கட்டிக்கொண்டார். தங்கராணி அவரைத் திரும்பிப் பார்க்காமலே ரிசீவரில் கையை வைத்தாள்.

“முதல் நான் கதைக்கிறன்,” என்றாள். “பற்றறி மிச்சமிருந்தால் நேதனைப் பற்றியும் கேக்கிறன்.”

அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.