எல்லா லோயரும் அவன் பக்கம்!

போன் அலறியது!

பாயிஸாவின் தையல் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த புஷ்பம் பாய்ந்து எடுத்தாள்.

“என்னடி... லோயர் கெடைச்சானா?”

வீரசிங்கம்! அவள் புருஷன். கண்டியில் புடவைக் கடை முதலாளி. மனுஷன் என்று சொல்ல வாய் வராது.

“பவானி எங்க? எம் பிள்ளை எங்க?”

“பத்திரமா இருக்கா. நாளைக்கு கேஸ். ஜட்ஜ் அவளை எனக்குக் குடுத்துட்டா, ஒன் மூஞ்சியவே மறந்துடுவா!”

பின்னால் ஒரு விசும்பல்...

“அம்மா...”

டக்!

புஷ்பம் திரும்ப அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

போன வாரம் பாலர் பாடசாலை வாசலில் வைத்தே பிள்ளையைத் தூக்கிவிட்டான். பொலிஸ்காரன் “அப்பன்தானேம்மா” என்று கொட்டாவி விட்டான். கோர்ட்டுத் தெருவில் அவள் ஏறாத படியில்லை. எல்லா லோயரும் ஒரே பாட்டு.

“ஒங்க வீட்டுக்காரர் முந்தியே வந்து எல்லாம் பேசிட்டாரும்மா. அவர் கேஸ் ரகசியத்தைக் கேட்டப்புறம், சட்டப்படி நான் ஒங்க பக்கம் நிக்க ஏலாது.”

அதுதான் அவன் போட்ட பூட்டு! ஒவ்வொருத்தன் காதிலும் ‘ஐயாவை மட்டுந்தான் நம்பியிருக்கேன்’ என்று ஓதிவிட்டான்.

“மகாவலி ஆத்துல தண்ணி நெறைய ஓடுதாம் பாயிஸாக்கா...”

“வாய மூடுங்க! எங்கட ஊரு மடவளையில றலியா இருக்காளே. அவளும் லோயர்தான்!”

“முஸ்லிம் பொம்பளை... எங்க ஆளுங்க கேஸ எடுப்பாங்களா?”

“கேட்டுப் பாத்தீங்களா? ஒங்கட மாப்பிளை வீரசிங்கமும் இப்பிடித்தான் நெனச்சு அவள்ட போகாம உட்டிருப்பான்!”

புஷ்பம் மடவளை பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் கோர்ட்.

வீரசிங்கம் மீசையை முறுக்கினான். அவன் பக்கத்தில் அவன் லோயர் செல்லப்பா. பெரிய அப்புக்காத்து. யாழ்ப்பாணத்து ரோஷக்காரர்.

எதிரே... முக்காடும் கறுப்புக் கோட்டுமாக றலியா!

அவன் கை மீசையிலேயே நின்றது.

“கனம் நீதிபதி அவர்களே! பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு, தாய்க்கு லோயர் கிடைக்கக்கூடாதென்று இந்தத் தெருவிலுள்ள அத்தனை பேரிடமும் இவர் முந்திப் போயிருக்கிறார்!” என்றாள் றலியா.

செல்லப்பா மெல்லத் திரும்பினார்.

“என்னை மட்டுந்தான் நம்பியிருக்கிறன் எண்டனீர்?”

“ஐயா... அது வந்து...”

“எத்தினை வாசலில இதே கதையைச் சொன்னனீர்?”

பைலைப் படாரென்று மூடினார்.

“கனம் நீதிபதி அவர்களே, இந்த ஆளுக்காக நான் ஆஜராகவில்லை!”

வீரசிங்கம் வராந்தாவுக்குப் பாய்ந்தான். ஒவ்வொரு கறுப்புக் கோட்டாகப் பிடித்து இழுத்தான். விஷயம் அதற்குள் அங்கே எட்டிவிட்டது. ஒரு முகமும் திரும்பவில்லை!

“பிள்ளை இன்றைக்கே இங்கே வரவேண்டும். இல்லையென்றால் நீர் உள்ளே!” என்றார் நீதிபதி.

தெல்தெனியவில் அவன் அக்காள் வீட்டிலிருந்து பிள்ளை வந்தது. ஓடிவந்து தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது.

“தாயிடமே இருக்கட்டும்” என்றார் நீதிபதி.

வீரசிங்கம் வாசலில் நின்ற பியோனின் கையைப் பிடித்தான்.

“அண்ணே... வேற நல்ல லோயர் யாராச்சும்...?”

“இருக்காங்க முதலாளி. மடவளையில ஒரு அம்மா...” பியோன் பல்லைக் காட்டினான்.

“ஆனா, ஒங்க வீட்டம்மா முந்தியே வந்து பேசிட்டாங்களே!”