“தெரியலை” என்று சொன்ன ஒரே ஆள்

காலை 9.10.

சோதனை அறையின் கண்ணாடி அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த சோதனைப் போனை எடுத்தாள் கேள்விக்காரி. பதிவுகள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாப் பதிவுகளும் இருந்தன. அன்றைக்கு எது வேண்டுமோ அது மட்டும் இல்லை.

அது செல்போன் செய்கிற கம்பெனி. இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு போனின் முகப்பை, திரையில் தெரிகிற பட்டன்களையெல்லாம், அடியோடு மாற்றியிருந்தார்கள். வெளியிலிருந்து சாதாரண ஜனங்களை வரவழைத்து, புது முகப்பு போட்ட போனைக் கையில் கொடுத்து, “எப்படி இருக்கு?” என்று கேட்பது அவள் வேலை. பெயரே அதனால் வந்ததுதான். ஜனங்கள் தடவுவதையும் முழிப்பதையும் சொல்வதையும் அந்தப் போனே படம் பிடித்துக்கொள்ளும். அவர்கள் முகம் வெளியே போய்விடக் கூடாது என்பதால் நகல் எடுப்பதில்லை. கூட்டத்தில் போட்டுக் காட்டிவிட்டு அழித்துவிடுவார்கள்.

கூட்டம் பதினொரு மணிக்கு. புது முகப்பை வெளியிடலாமா வேண்டாமா என்று எம்.டி. முடிவு சொல்லப்போகிற கூட்டம்.

காலை 9.40.

“உட்காரும்மா. அழுதது போதும்,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. போலீஸில் ஓய்வு பெற்று, இந்தக் கட்டடத்துப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பதவி போனாலும் பட்டம் போகவில்லை. “காணாமப் போன பதிவுல யாரு?”

“ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துல வேலை பாக்கற அம்மா, மேடம். வீட்டுக்கு ஒரு போன் போடுங்கன்னேன். தேடினாங்க, தேடினாங்க, பட்டனே கிடைக்கலை. கடைசில போனைப் பாத்து ‘மன்னிச்சுக்கோ’ன்னு சொல்லி அழுதுட்டாங்க.”

“போனைப் பாத்தா?”

“ஆமா. ‘எனக்குத் தெரியலைம்மா, நான் ஒரு மக்கு’ன்னாங்க. மத்தவங்க யாருக்கும்கூட அந்தப் பட்டன் கிடைக்கலை மேடம். ஆனா தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அழகா இருக்கு, சூப்பரா இருக்குன்னுட்டுப் போயிட்டாங்க. தெரியலைன்னு வாயைத் திறந்து சொன்னது அவங்க ஒருத்தர்தான்.”

இன்ஸ்பெக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். போன மாதம் அவரையும் இதே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவரும் “சூப்பர்” என்றுதான் சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. நினைக்கவே கூச்சமாக இருந்தது.

“வேற என்ன சொன்னாங்க?”

“இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு தடவை வந்து பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசையாம். அதுக்காகவே வந்தேன்னாங்க. அவங்க தம்பிக்கும் போன் சம்பந்தமான வேலைதானாம். அவனுக்குத் தெரிஞ்சா அவமானமாப் போயிடும், சொல்லிடாதீங்கன்னாங்க. யாரு தம்பின்னு நான் கேக்கலை.”

“பதிவு கிடைக்கலைன்னா?”

“இல்லாத கருத்தை அறிக்கையில நானா கட்டி எழுதினேன்னு சேல்ஸ் மேனேஜர் நேத்தே சொல்லிட்டார். காட்டலைன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க மேடம். பொய் சொன்னேன்னு வேலையை விட்டுத் துரத்தினாங்கன்னா அப்புறம் எந்தக் கம்பெனியில என்னைச் சேத்துக்குவாங்க?”

“காலையில போனை எடுத்தப்ப எந்தப் பக்கம் திறந்திருந்தது?”

கேள்விக்காரி யோசித்தாள். “மறைப்பெட்டி. யாருக்கும் தெரியாம ஒளிச்சு வைக்கறதைப் போடற இடம். காலியா இருந்தது. நான் அந்தப் பக்கமே போறதில்லையே!”

இன்ஸ்பெக்டரம்மாவின் புருவம் லேசாக ஏறியது. அலமாரிப் பூட்டின் ரகசிய எண் கேள்விக்காரியையும் சேர்த்து மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற இரண்டு பேரையும் வரச் சொன்னார்.

சேல்ஸ் மேனேஜர் வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கடைகளுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது, விளம்பரம் அச்சாகிவிட்டது. அவர் அவசரம் அவருக்கு. பின்னாலேயே வந்தவன் சிற்பி. புது முகப்பை வடிவமைத்தவன். அழகு பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவனுக்கு அதில் பெருமையும் உண்டு.

“என்னென்ன மாத்தியிருக்கீங்க தம்பி? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

சிற்பி மனப்பாடம் செய்தது போலச் சொன்னான். “திரை சுத்தமா இருக்கணும் மேடம். போன் பண்ற பட்டனை உள்ள வச்சுட்டோம், ஓரத்திலேருந்து இழுத்தா வரும். மேல இருந்த கடிகாரத்தைக் கீழ கட்டைவிரல் பக்கத்துக்குக் கொண்டுவந்துட்டோம். குப்பைத்தொட்டி அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டோம். முன்னாடி ஒரு பதிவை இடது பக்கம் தள்ளினா மறைப்பெட்டிக்குப் போகும். இப்ப வலது பக்கம் தள்ளினாத்தான் மறையும். இடது பக்கம் தள்ளினா அழிஞ்சிடும்.”

“கேக்காமலேயா?”

“சும்மா சும்மா கேட்டா எரிச்சல் வரும் மேடம்.”

“குப்பைத்தொட்டியும் இல்லை. அப்ப போனது போனதுதான்.”

சிற்பி சோதனைப் போனின் திரையிலிருந்த விரல் தடத்தைச் சட்டை நுனியால் துடைத்தான்.

“நீங்களும் இதைத்தான் வச்சிருக்கீங்களா?”

“ஆறு மாசமா என் போன்ல இதுதான். மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி நாம பழகணும்ல?”

“நியாயம். மணி என்ன ஆச்சு?”

கருத்து சொல்ல வருகிறவர்கள் நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அந்த அறையில் கடிகாரம் மாட்டவில்லை. சிற்பி சட்டைப் பையிலிருந்த போனைப் பாதி உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விட்டான். “பத்தாகப் போகுது.”

“கூட்டத்துக்கு நேரமிருக்கு. ஒரு சின்ன வேலை.” இன்ஸ்பெக்டரம்மா சோதனைப் போனில் தன் முகத்தையே மூன்று தடவை படம் பிடித்தார். “என் மூஞ்சி மூணு இருக்கு. ஆளுக்கு ஒண்ணை மறைப்பெட்டியில போடுங்க.”

கேள்விக்காரி பேசிக்கொண்டே விரலை வலது பக்கம் தள்ளினாள். போய்விட்டது. சிற்பி போனை வாங்கினான். ஒரு நொடி நிதானித்தான். வலது பக்கம் தள்ளினான். அதுவும் போய்விட்டது.

சேல்ஸ் மேனேஜர் மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

“எந்தப் போனுங்க சார் வச்சிருக்கீங்க?”

“அது எதுக்கு இப்ப?”

“சும்மா எடுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவர் எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். போட்டிக் கம்பெனியின் போன். ஊருக்கெல்லாம் ஒன்றை விற்கிறவர், தன் பைக்குள் வேறொன்றை வைத்திருந்தார். “வீட்ல வாங்கிக் கொடுத்தது,” என்று முணுமுணுத்தார். அதை அங்கே யாரும் நம்பவில்லை. அவரே நம்பியிருக்க மாட்டார்.

“சரி, என் மானம் போனது போகட்டும்,” என்றார் உடனே, கேள்விக்காரியைக் காட்டி. “அப்ப இவதான் கதை கட்டறா. இல்லாத பதிவை எப்படித் திருட முடியும்?”

காலை 10.10.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “பதிவை ஒழிச்சுக்கட்டணும்னு நினைச்சவன் அழிச்சிட்டு நடையைக் கட்டியிருப்பான். இங்க வந்தவங்க மறைப்பெட்டியைத் திறந்து தேடியிருக்காங்க. அவங்க நினைச்சது ஒளிக்க மட்டும்தான். கூட்டம் முடிஞ்சதும் திரும்ப எடுத்து வச்சுடலாம்னு இருந்திருப்பாங்க. பழைய பழக்கத்துல விரல் இடது பக்கம் போயிடுச்சு. பதிவு அழிஞ்சிடுச்சு. பதறிப்போய் பெட்டியில தேடியிருக்காங்க. அதுக்குள்ள யாரோ வர்ற சத்தம் கேட்டு, அப்படியே வச்சுட்டு ஓடியிருக்காங்க.”

சேல்ஸ் மேனேஜர் மற்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணுக்கு அந்தத் தப்பு வராது. தினம் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கறவ, விரல் தானாப் போகுது. சார் தள்ளவே மாட்டார், அவர் போன்ல எதுக்கும் அழுத்திப் பிடிக்கணும். இது நம்ம பழைய முகப்பை இன்னும் கையில வச்சிருக்கறவங்க செய்யற தப்பு.”

“நான் ஆறு மாசமா...” என்று ஆரம்பித்தான் சிற்பி.

“மணி கேட்டேன்ல தம்பி. போனைப் பையிலேருந்து பாதிதான் எடுத்தீங்க. அடிப்பாகம் பைக்குள்ளயே இருந்தது. கடிகாரத்தைக் கீழ கொண்டுபோயிட்டதா நீங்கதானே சொன்னீங்க? மேல எதைப் பாத்து மணி சொன்னீங்க?”

சிற்பியின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. பிறகு, மூடி என்ன பிரயோஜனம் என்று தோன்றியதோ என்னவோ, போனை எடுத்து மேஜைமேல் வைத்தான். பழைய முகப்பு. மேலே கடிகாரம். கீழே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, போன் பண்ணுகிற பட்டன்.

“ரெண்டு நாள் வச்சுப் பாத்தேன்,” என்றான். “முடியலை. மாத்திட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“நீங்க பதிவை ஒளிச்சது அதுக்காக இல்லையே.”

“இல்லை.” போனைக் கவிழ்த்து வைத்தான். “நேத்து இவங்க அனுப்பின அறிக்கையில ஒருத்தர் அழுதாங்கன்னு இருந்துச்சு. யாருன்னு பாக்கலாம்னு காலையில வந்து பதிவைப் போட்டுப் பாத்தேன். என் அக்கா.”

கேள்விக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா போனப்புறம் துணி வெளுத்து என்னைப் படிக்க வச்சவங்க. கூட்டத்துல போட்டா சிரிப்பாங்க, அக்கா மானம் போயிடும், ஒளிச்சிடலாம்னு நினைச்சேன்.” நிறுத்தினான். “அதுவும் பொய். அவங்க என் அக்கான்னு யாருக்காச்சும் தெரிஞ்சிடுமோன்னுதான் பயந்தேன். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அவங்களை இந்த வாசலுக்குக் கூட்டிட்டு வந்ததில்லை.”

சேல்ஸ் மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்களுக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணிவு வரவில்லை. இப்படி ஒரு குற்றவாளியைப் பிடித்ததில் இன்ஸ்பெக்டரம்மாவுக்கும் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

“பதிவுதான் அழிஞ்சது,” என்றார் மெதுவாக. “பேசினவங்க இருக்காங்க. இந்தப் பொண்ணு பொழப்பு உங்க கையில இருக்கு தம்பி.”

காலை 11.05.

கூட்டத்தில் சிற்பி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மழுப்பவில்லை. எம்.டி. கேட்டு முடித்ததும் கேள்விக்காரியிடம், “மன்னிச்சுக்கம்மா. நீங்க எழுதினது அப்படியே இருக்கட்டும்,” என்றார். பிறகு வெளியீட்டுத் தேதி எழுதியிருந்த பலகைக்குப் போய், தன் கையாலேயே அதைத் துடைத்தார்.

“அவங்க பேசுவாங்களா?” என்று கேட்டார் திரும்பி.

சிற்பி போனை மேஜை நடுவில் வைத்து, ஒலியைக் கூட்டி, அழைத்தான். மறுமுனையில் துணி துவைக்கிற பெரிய இயந்திரங்களின் இரைச்சல்.

“தம்பியா? வேலை நேரத்துல கூப்பிட மாட்டியேடா. உடம்புக்கு ஏதாச்சும்...”

“நல்லாத்தான் இருக்கேன். அக்கா, நீ எங்க ஆபீசுக்கு வந்தியா?”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது, இரைச்சல் குறைந்தது.

“அந்தப் பொண்ணு சொல்லிடுச்சா?” என்றாள் அக்கா. “உன் பேரை நான் எங்கயும் சொல்லலைடா. சத்தியமாச் சொல்லலை. நான் யாருன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நீ பயப்படாதே.”

சிற்பி போனைத் தன் பக்கம் இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்கா, நாளைக்கு இன்னொரு தடவை வர்றியா? என்னென்ன புரியலைன்னு எங்களுக்குச் சொல்லணும். வாசல்ல நான் நிக்கறேன்.”

“வாசல்லயா?” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கூட வேலை பாக்கறவங்கள்லாம் இருப்பாங்களேடா.”

“இருப்பாங்கக்கா,” என்றான். “அவங்களும் என்கூட நிப்பாங்க.”