மேற்கே விளைஞ்ச மிளகு

செவில்யா பட்டணத்து மதிலை உரசிக்கிட்டு ஓடுற அந்தப் பெரிய ஆறு இருக்கே, அந்தி நேரத்துல அதைப் பாத்தா யாரோ செம்பை உருக்கி ஊத்திவிட்ட மாதிரி இருக்கும். நாரத்தைத் தோப்புக்குப் பின்னால நிலா மேல வர வர, அந்தச் செம்பு கொஞ்சங்கொஞ்சமா வெள்ளியா மாறும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால அப்படி ஒரு பௌர்ணமி அந்தியில, ஆத்தங்கரைக் கோட்டையோட மேல்மாடத்துல நம்ம ஆள் ஒருத்தன் கை கட்டி நின்னுக்கிட்டிருந்தான். ஆமா, அன்பானவங்களே, நம்ம ஆள்தான். தாமிரபரணி கடல்ல கலக்குற காயல் துறையில முத்துக்குளிச்சு வளந்து, அப்புறம் முத்துத் தரகன் ஆன குழைக்காதன். முத்து கொண்டு போன கப்பலைக் கொள்ளைக்காரங்க மடக்கி, கை மாறி கை மாறி, இந்தக் கோட்டைக்கு அடிமையா வந்து ஏழு வருஷம் ஆச்சு. அவங்க பேச்சை நல்லாவே கத்துக்கிட்டான். கனவு மட்டும் இன்னும் தமிழ்லதான் வந்துச்சு.

அவனுக்கு எதிர்ல, கோட்டைக்குச் சொந்தக்காரி, சீமாட்டி மென்சியா. பக்கத்துல கப்பல் தலைவன் பெல்த்ரான். எவனும் போகாத மேற்குக் கடலைத் தாண்டி இந்தியாவுக்கே போயிட்டு வந்துட்டேன்னு சொல்றவன். அதுக்கு அத்தாட்சியா ரெண்டு கொண்டு வந்திருந்தான்: ஒரு சாக்கு மிளகு, ஒரு தீவுத் தலைவனோட மக குவானி. அவளைத் தூக்கிட்டு வந்ததுலேருந்து அவ சிரிச்சு யாரும் பாத்ததில்ல. அது இந்தியாதான்னு உறுதியானா, சீமாட்டி பன்னிரண்டு கப்பல் கொடுப்பா. உறுதி சொல்லக்கூடிய ஒரே ஆள் குழைக்காதன்.

படியேறும்போதே பெல்த்ரான் அவன் காதுல ஓதிட்டான். "தரகரே! 'என் நாட்டு மிளகு, என் நாட்டுப் பெண்' என்று இரண்டே வார்த்தை சொல்லும். முதல் கப்பலிலேயே உம்மைக் காயலில் இறக்கிவிடுகிறேன்."

"இல்லை என்றால்?"

"கப்பலே கிடையாது. இந்தக் கோட்டைக் கிணற்றில் நீர் இறைத்தே கிழவனாவீர்."

சீமாட்டி விசிறியை மடக்கினா. "உமது கண் பொய் சொல்லாது என்கிறார்கள், தரகரே. வாய் எப்படியோ?"

"வாய்க்கு இன்னும் வேலை வரவில்லை, சீமாட்டி" அப்படின்னுட்டு சாக்குக்குள்ள கையை விட்டான்.

கறுப்பா உருண்டையா எதுவும் கையில அகப்படல. நீளமா, சுருங்கி, மருதாணி வச்ச விரல் மாதிரி செக்கச்செவேல்னு ஒண்ணு வந்துச்சு. ஒரு கடி கடிச்சான்.

இன்னிக்கு அது இல்லாம நம்ம வீட்டுல ஒரு கொழம்பு கொதிக்காது. ஆனா அன்னிக்கு நம்ம கரையில ஒருத்தர் நாக்குக்கும் மிளகாய்னா என்னன்னே தெரியாது. மிளகோட காரம் தொண்டையில இறங்கி, மரியாதையா வந்துட்டுப் போயிடும். இதுவோ நாக்கு நுனியில தீ வச்சு, காது ரெண்டையும் அடைச்சு, உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு! அவன் கண்ணுல தண்ணி கொட்ட, வாயைத் திறந்துக்கிட்டு, அந்த மேல்மாடத்துல ஒத்தக்கால்ல குதிச்சான்.

குவானி சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே மடியிலேருந்து காஞ்சுபோன ஒரு துண்டுக் கிழங்கு ரொட்டியை எடுத்து நீட்டினா.

காயல் முத்துச் சந்தையில ஒரு வழக்கம் உண்டு. விலையை யாரும் வாய் விட்டுப் பேசமாட்டாங்க. ரெண்டு பேர் கை மேலயும் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலும் விரலும்தான் பேசும். முழுக் கையையும் சேத்துப் பிடிச்சுட்டா பேச்சு முடிஞ்சது. உயிரே போனாலும் பின்வாங்கக் கூடாது. பழக்கதோஷத்துல குழைக்காதன் தோள் துண்டை அவ கை மேல போட்டு, ரொட்டியை வாங்கிக்கிட்டு, முழுக் கையையும் ஒரு பிடி பிடிச்சான். அவ திடுக்கிட்டா. ரொட்டியைப் பாத்தா, அவனைப் பாத்தா, அவன் ஏத்துக்கிட்டான்னு புரிஞ்சுபோச்சு. திருப்பிப் பிடிச்சா.

"விசாரிக்கிறேன், சீமாட்டி" அப்படின்னான்.

நிலாவைக் காட்டினான், கடல் பக்கம் காட்டினான்: உங்க ஊருக்கு எத்தனை நாள்? துண்டுக்கு அடியில அவ விரல் பதில் சொல்லுச்சு. பத்து, பத்து, பத்து, அதுக்கு மேல அஞ்சு. அப்புறம் குளிர் காயுற கணப்புச் சட்டியிலேருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில யானையை வரைஞ்சான். அவளுக்குத் தெரியல. பசு? தெரியல. நெற்கதிர்? தெரியலன்னு தலையாட்டினா. குதிரையை வரைஞ்சதும் கீழ முற்றத்துல கட்டியிருந்த குதிரைகளைப் பாத்து ஒடுங்கிப்போனா. இங்க வந்துதான் முதல்முதலா பாத்திருக்கா. கடைசியா ஒரு வட்டம் போட்டு வானத்தைக் காட்டினான். அவ முகம் மலர்ந்துச்சு. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது அந்த நிலா ஒண்ணுதான்.

குழைக்காதனுக்கு மயிர் கூச்செறிஞ்சுது. எந்த மாலுமி வரைபடத்துலயும் இல்லாத, எந்தப் புராணமும் பேர் சொல்லாத ஒரு புதுப் பூமி அந்தத் தண்ணிக்கு அப்பால கிடக்கு! அங்கயும் காடு, அங்கயும் ஆறு, ராஜா, மக, ரொட்டி, சிரிப்பு. உலகம்னு இத்தனை நாளா நினைச்சது உலகத்துல ஒரு பங்குதானா! அதுக்கு முன்னால பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பல. இன்னொரு கணக்கும் மனசுல ஓடுச்சு. சந்தையில, இது நீங்க கேட்ட சரக்கு இல்லைன்னு தரகன் சொல்லிட்டா, துண்டை உதறிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. உண்மையைச் சொன்னா கப்பல் நிக்கும், அந்தப் பொண்ணோட ஊர் பொழைக்கும்னு நம்பினான்.

அங்கதான் அவன் ஏமாந்தான்.

"சீமாட்டி, இது மிளகு அல்ல. இவள் என் நாட்டவள் அல்ல. அது இந்தியா அல்ல. இதுவரை நாம் யாரும் அறியாத நாடு."

பெல்த்ரான் கை வாளுக்குப் போச்சு. சீமாட்டி கையமர்த்தினா. ஆத்துப் பக்கம் திரும்பி நின்னா.

"அப்படியென்றால், நாம் அறிந்த அரசன் எவனும் அங்கே இல்லை."

"அரசன் இருக்கிறான், சீமாட்டி. இவள் தகப்பனே..."

"நாம் அறிந்த அரசன் என்றேன், தரகரே." திரும்பினா. கண்ணு ரெண்டும் நிலா மாதிரி மின்னுச்சு. "பெல்த்ரான், பன்னிரண்டு போதாது. இருபது கப்பல்! அந்தக் குதிரைகளையும் ஏற்றும்!" அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "உண்மை சொன்ன உமக்கு விடுதலை. நாளை மறுநாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு ஒரு வெனிசு நகரத்துக் கப்பல் போகிறது. அங்கிருந்து ஊர் போய்ச் சேரும்."

ஏழு வருஷமா கனவுல கேட்ட வார்த்தை! குழைக்காதன் குவானியைப் பாத்தான். பேச்சு புரியாட்டியும், சீமாட்டி கை குதிரைகளையும் மேற்கையும் காட்டினது அவளுக்குப் புரிஞ்சிருந்துச்சு. சிரிச்ச முகம் வெளிறிக் கிடந்துச்சு.

"சீமாட்டி, நான் மேற்கே போகிறேன். இவளையும் அழைத்துப் போங்கள். இவள் இல்லாமல் அந்தக் கரையில் யாரிடம் பேசுவீர்கள்? முத்து விளையும் கடலா என்று பார்க்க என்னைவிட வேறு யார் இருக்கிறார்கள்?"

"அந்தச் சிவப்புக் காரம் மூளைக்கு ஏறிவிட்டது!" பெல்த்ரான் உறுமினான். முத்துன்னதும் சீமாட்டிக்கு ஆசை வந்துருச்சு, தலையசைச்சா.

அவங்க கப்பல் பேச்சுல மூழ்கின நேரம், குழைக்காதன் மறுபடி துண்டைப் போட்டான். உள்ள அவன் இடது கை படகாச்சு. வலது கையோட ரெண்டு விரல், முத்துக்குளிக்கிறவன் கால் மாதிரி, அந்தப் படகு விளிம்புலேருந்து குதிச்சு, அடியிலயே ரொம்ப தூரம் மூச்சடக்கி நீந்தி, அவ மணிக்கட்டுங்கிற கரையில ஏறுச்சு. குதிரைங்க கரையில இறங்குறதுக்கு முன்னால சேதி போய்ச் சேரணும். அவ ஊர் விழிச்சு, காட்டுக்குள்ள போறதுக்கு நேரம் இருக்கும்போதே.

அவ நிமிந்து அவனைப் பாத்தா.

ஏழு வருஷத்துல முதல்முறையா அவன் வாய் விட்டுத் தமிழ்ல பேசினான். "உங்க ஊருக்குச் சேதி சொல்லாம நான் என் ஊருக்குத் திரும்ப மாட்டேன், ராசாத்தி."

துண்டுக்கு அடியில அவ கை தேடி வந்துச்சு. விரல் விரலா பேசல. முழுக் கையையும் பிடிச்சா. விடல.