நாற்பத்திரண்டாவது பாகுபாடு

“தாமதத்துக்கு ஏதுங்க சாதி?” என்று கேட்டது நடு நாற்காலியில் இருந்த உருவம்.

முகத்தில் சமத்திரை மாட்டிக்கொண்டால் எல்லாரும் சாம்பல் உருவங்கள்தான். எல்லாருக்கும் ஒரே குரல், பெயருக்குப் பதில் எண். சாதி, நிறம், ஆண், பெண், ஊர், வயது என்று நாற்பத்தொரு பாகுபாடுகளை ஒழித்துவிட்டதாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையின் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

முப்பிடாதிக்கு உண்மை தெரியும். அவளுடைய திருநெல்வேலிப் பேச்சைப் பொதுப்பேச்சாக மாற்றி வெளியே விடத் திரைக்கு அரை விநாடி பிடிக்கும். பொதுப்பேச்சு என்பது மேலாளர்கள் தங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு; அதில் மாற்ற ஒன்றுமில்லை. அந்த அரை விநாடியை வைத்தே ஆளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு வருஷம் உப்பை வடிக்கும் வடிசவ்வு கழுவியவள் ஷிப்ட் தலைவி பதவிக்கான தேர்வுக்கு மூன்று முறை வந்து, மூன்று முறையும் ‘சுறுசுறுப்புப் போதாது’ என்று திருப்பி அனுப்பப்பட்டாள். நியாயம் கேட்க வந்திருந்தாள்.

“அரை விநாடி பிந்துன ஒருத்தரயாவது எடுத்திருக்கியளா? அதச் சொல்லுங்க.”

இடப்பக்க உருவம் சிரித்தது. “கவர்மென்ட் ஆபீஸ் ஃபைல் மாதிரி ஆடி அசைஞ்சு வருது தலைவரே, இவங்க பேச்சு.”

“நாற்பத்தொண்ணுல தாமதம் இல்லையேங்க” என்றது நடு உருவம். “இல்லாத விதியை நாங்க எப்படி மீற முடியும்?”

“அப்ப சேருங்க. இல்லன்னா கோர்ட்டுல பாப்போம். எல்லாத் தேர்வோட பதிவும் சங்கத்துக்கிட்ட இருக்கு.”



இரண்டே மாதத்தில் தாமதத்தையும் நாற்பத்திரண்டாவதாகச் சேர்த்துவிட்டார்கள். அதை ஒழிக்கத் திரைக்குப் புதுப் பாடம் புகட்டினார்கள். பிந்திப் பேசுகிறவர் வாய் திறக்கும்வரை அது காத்திருக்காது; அவரைப் போன்றவர்களின் பழைய தேர்வுப் பதிவுகளிலிருந்து பதிலைக் கணித்து, தானே சொல்லிவிடும். அந்தப் பதிவுகள் எல்லாமே பதவி கிடைக்காமல், ‘சரிங்க’ என்று எழுந்து போனவர்களுடையவை.

நான்காம் தேர்வு.

“வடிசவ்வு அடைச்சுக்கிட்டா என்ன செய்வீங்க?”

முப்பிடாதி மூச்சை இழுப்பதற்குள் பதில் போய்விட்டது. “மேலதிகாரியைக் கேட்பேங்க.”

“யாருவே அப்படிச் சொன்னா? மொதல்ல அழுத்தத்தக் கொறப்பேன், அப்புறம் அமிலம் விட்டு அலசுவேன்…” அவள் கத்தியது திரையைத் தாண்டவில்லை. கை திரையின் கொக்கிக்குப் போய் நின்றது. வேலை நேரத்தில் திரையைக் கழற்றினால் அன்றே வேலை போய்விடும்.

“பொறுப்பை ஏத்துக்கறீங்களா?”

“வேண்டாங்க. இருக்கிற வேலையே போதுங்க.”

“பாத்தீங்களா, என்ன சுறுசுறுப்பு!” என்றது இடப்பக்க உருவம்.

நடு உருவம் ‘விருப்பமில்லை’ என்று குறித்துக்கொண்டது. “எங்க மேல இப்ப ஒண்ணும் குறை இல்லையே?”

“இல்லவே இல்லீங்க” என்றது அவளுடைய குரல். “ரொம்ப நன்றிங்க.”