பாடாத ஜோடி

மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் நிங்ரும் அந்தக் கடைக்குள் நுழைந்தாள். தார்ப்பாய்க்கு அடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்… கூண்டுகளுக்கு நடுவே இரண்டு கண்கள். சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். அவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பறவைச் சந்தையில் ஒருவன் இப்படிச் சிரித்தால் தலையில் எதையோ கட்டப்போகிறான் என்று அர்த்தம்.

கட்டினான். சாம்பல் உடம்பு, கறுத்த தலை, சிவந்த அலகு… ஒரு ஜோடி ஜாவா சிட்டு.

"ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே. ஆணும் பொண்ணும்தானா?"

"வாஸ்கிதோ ஜோடின்னு சொன்னா இந்தச் சந்தையில யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க, ம்பாக்" என்றான், ஜாவாவில் பெண்ணுக்கு ம்பாக், ஆணுக்கு மாஸ் என்கிற மரியாதை விடாமல்.

"நான் பேசுவேன், மாஸ் வாஸ்கிதோ."

பேசினாள். மழை விடும்வரை பேசினாள். குருவி வளர்த்து விற்கலாமென்று துணிக்கடை வேலையை விட்டது, பந்துல் ஊரில் இருக்கும் வீட்டில் ஆறு கூண்டு வாங்கி ஆறும் காலியாகக் கிடப்பது, சுரபாயாவில் இருக்கும் அண்ணன் வைத்த கெடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பெருநாளுக்குள் ஒரு குஞ்சாவது பொரிக்காவிட்டால் கூண்டுகளை விற்றுவிட்டு அண்ணன் கடையில் போய் உட்கார வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் இதையெல்லாம் எதற்குச் சொன்னோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் ஓடியது. முதல் ஈடு முட்டை வீண். இரண்டாவது ஈடும் வீண். டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் வெறும் மஞ்சள், உள்ளே ஒரு நரம்புகூட ஓடவில்லை. போதாக்குறைக்கு ஒரு சிட்டுக்கு உச்சந்தலை மொட்டை. போனை எடுத்து அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். மறுநாளே வந்து நின்றான், ஹெல்மெட்டில் நீர் சொட்டச் சொட்ட.

"சீக்குக் குருவியை வித்திருக்கீங்க."

"சீக்கு இல்ல. கூட்டுல மெத்தைக்கு எதுவும் வைக்கலையே நீங்க. அதான் பக்கத்துல இருக்கறது தலையிலேர்ந்து இறகைப் பிடுங்கி மெத்தை போடுது. தேங்காய் நார் வைங்க, காய்ஞ்ச புல் வைங்க. அவிச்ச முட்டை குடுங்க, குளிக்கத் தண்ணி வைங்க. இறகு முளைச்சுரும்."

கூட்டுக்குள் எட்டிப் பார்த்து முட்டைகளை எண்ணினான். ஒன்பது. அவன் முகம் சட்டென்று மாறியதை அவள் கவனித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல… அடுத்த வாரம் வரேன்."

ஒன்றுமில்லாததற்கு ஏன் ஒருவன் எச்சில் விழுங்குகிறான்? நல்ல பறவையை அள்ளிக்கொண்டு போகத் திட்டமா? அவன் கண்களை நினைத்தால் அப்படித் தோன்றவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. இரண்டு சிட்டுகளையும் பிடித்து, அடையாளத்துக்கு வலதுகால் நகத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு பையோடு வந்தான். தேநீர் போட அவள் உள்ளே போய்த் திரும்புவதற்குள் புது நாரும் புல்லும் கூட்டில் ஏறியிருந்தன.

"ரெண்டு வாரம் குருவிங்களைக் கையால தொடாதீங்க. மிரளும்."

அது என்ன புதுச் சட்டம்… முட்டைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கினாள். மறுநாள் காலையில், இரண்டு மாதமாக வாய் திறக்காத கூண்டில் ஒரு சிட்டு பாடியது. போன் போட்டாள்.

"அவிச்ச முட்டை சாப்பிட்டா குரல் திறக்கும்" என்றான்.

"அப்போ நானும் சாப்பிட்டுப் பார்க்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு… இருக்கற குரலே போதும்."

போனை வைத்த பிறகும் காது சுட்டது. அவள் அதையும் சந்தேகப்பட்டாள்.

மொட்டைத் தலையில் கறுப்பு இறகு துளிர்த்தது. கூட்டில் ஐந்து முட்டை. ஏழாம் நாள் டார்ச் அடித்தபோது… மெல்லிய சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கும் ஒரு புள்ளி. நிங்ருமுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணோடு நிமிர்ந்தபோதுதான், கம்பியில் வந்து உட்கார்ந்த சிட்டின் காலைப் பார்த்தாள். நகத்தில் சாயம் இல்லை.

மழையையும் பாராமல் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். "மாஸ்" என்ற மரியாதை வழியிலேயே விழுந்துபோயிருந்தது.

"வாஸ்கிதோ, என் குருவி எங்க?"

அவன் மறுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கூண்டை எடுத்து வைத்தான். அதற்குள் சிவப்பு நகம்.

"அப்போ எங்க வீட்டுல இருக்கறது?"

"என்கிட்ட இருந்ததுலயே நல்லாப் பாடற ஆண்."

"எதுக்கு ஒளிச்சு மாத்தினீங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துக் கடைக்காரன் கேட்டா வருஷம் முழுக்கச் சிரிப்பான்…"

"சத்தமா."

பக்கத்துக் கடையை ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, சந்தைக்கே கேட்கும்படி சொன்னான். "ரெண்டு பெட்டையை ஜோடின்னு வித்துட்டேன். ஒன்பது முட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது, ரெண்டும் சேர்ந்து போட்டதுன்னு. சொன்னா திருப்பிக் குடுத்துட்டு சுரபாயாவுக்குப் போயிடுவீங்க… அதான் சொல்லல."

பக்கத்துக் கடையில் தினை அளந்துகொண்டிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவன் காது சிவந்தது.

"அவ்வளவு பெரிய ஆளு எப்படித் தப்பு பண்ணினீங்க?"

"ஆண்தான் பாடும். பெட்டை பாடாது. பாடற வரைக்கும் காத்திருந்து கேட்டுட்டுதான் குடுப்பேன். அன்னைக்கு…" ஈரத்தில் ஒட்டிய அவள் கூந்தலைப் பார்த்தான். "நீங்க பேசிட்டிருந்தீங்க. நான் அதைத்தான் கேட்டுட்டிருந்தேன். இன்னைக்கு வரைக்கும் அதுதான் கேக்குது, நிங்ரும்."

மழை தார்ப்பாயில் தடதடத்தது. அவள் நெடுநேரம் பேசவில்லை. பேசாத நிங்ருமை அவன் அன்றுதான் பார்த்தான், பயந்துவிட்டான்.

"நான் உங்களை எல்லாத்துக்கும் சந்தேகப்பட்டேன்" என்றாள் மெதுவாக. "நீங்க என்னை ஒரு தடவையாவது சந்தேகப்பட்டீங்களா?"

"எதுக்கு?"

"போன வாரம் கூண்டுக் கதவு கிரீச்சுங்குதுன்னு கூப்பிட்டேன். அதுக்கு முந்தின வாரம் தண்ணிக் கிண்ணம் சாயுதுன்னு. வந்து பார்த்தீங்கல்ல… எது சாஞ்சுது?"

அவனுக்கு விளங்க நேரமானது. விளங்கியதும் அந்தக் கண்களில் சிரிப்பு ஏறியது… அடக்கத் தெரியாத அதே சிரிப்பு.

"பெருநாளுக்கு அண்ணன் வரார், குஞ்சு பொரிச்சுதான்னு பார்க்க" என்றாள், சிவப்பு நகக்காரியைக் கூண்டோடு எடுத்துக்கொண்டு. "நீங்களும் வந்துருங்க… மாஸ் வாஸ்கிதோ."