நடு மாடி, பாதி வாடகை

தரகன் மெதர் கதவைத் திறந்ததும் ஷைர்குல் நேராகச் சன்னலடிக்குப் போய் கொதிநீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டரைத் தொட்டாள். சுட்டது.

பிஷ்கெக்கில் இரண்டு படுக்கையறை வீட்டின் வாடகையைச் சொல்வது இந்தச் சூடுதான். ஓரத்து வீட்டில் இரண்டு சுவரிலும் பனிக்காற்று அறையும், வாடகை குறையும். கடைசி மாடி ஒழுகும், இன்னும் குறையும். நடு மாடியின் நடு வீட்டைச் சுற்றிலும் ஆட்கள் குடியிருப்பதால் கதகதப்பு தங்கும். அதற்கு நாற்பதாயிரம் சொம் கேட்பார்கள்.

இது நடு மாடி, நடு வீடு. இருபதாயிரம்.

"என்ன கோளாறு, தம்பி?"

"ஓனர் மாஸ்கோவுல இருக்காருக்கா. அவசரம். கீழ ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

"நான் ஒரு வாரமா வீடு பாக்குறவ. கதை விடாதே."

ஆனால் பழைய வீட்டின் சாவியை இன்றே கொடுத்தாக வேண்டும். அவள் கையைப் பிடித்து நின்ற மகள் அய்கனிஷுக்கு நெஞ்சில் சளி விசிலடித்தது. இன்னொரு குளிர் அறையை அந்த நெஞ்சு தாங்காது.

சின்ன அறைக்குள் போனாள். அங்கே ரேடியேட்டர் பனிக்கட்டி.

அதற்குள் வரும் குழாய் சுட்டது. வெளியே போகும் குழாயும் சுட்டது. நடுவில் காற்று அடைத்திருந்தால் இப்படி ஆகும். ஓரத்துத் திருகைத் தளர்த்தினால் காற்று சீறி வெளியேறிவிடும்.

தளர்த்தினாள்.

காற்று வரவில்லை. கொதிநீர் பீய்ச்சியது; சட்டென்று திருகை இறுக்கினாள்.

இரும்புக்கு உள்ளே கொதிநீர். வெளியே தொட்டால் பனி.

நனைந்த கம்பளி வாடை வந்தது. பனியில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகள் ரேடியேட்டரில் முதுகைச் சாய்க்கும்போது எழுமே, அந்த வாடை.

மெதர் அறை வாசலிலேயே நின்றான்.

"நீ ஏன் உள்ள வரலை?"

"ஷூ அழுக்குக்கா."

அவன் வெறும் காலுறையோடுதான் நின்றிருந்தான்.

ஷைர்குல் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அவன் போனதும் சின்ன அறையைப் பூட்டினாள். பெரிய அறை ரேடியேட்டரை ஒட்டி மகளைப் படுக்கவைத்து, அவளுடைய ஒரே ஜோடி ஈரக் கையுறைகளை அதன்மேல் காயப்போட்டாள். இருமல் அடங்கியது. அப்பாடா என்று தேநீர் போடப் போனாள்.

திரும்பி வந்தபோது மகளின் நெஞ்சு மறுபடி விசிலடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் மெதுவாக, "அவளுக்கும் குளிருதாம். இங்க வந்து உக்காந்துக்கச் சொன்னேன்."

ரேடியேட்டர்மேல் இரண்டு ஜோடிக் கையுறைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

ஷைர்குல் இரும்பைத் தொடக் கை நீட்டினாள். தொடுமுன்பே விரல்கள் குளிரில் விறைத்தன.