செவ்வாய்க்கிழமை டபுள் பாயிண்ட்

“போன் நம்பரெல்லாம் வேண்டாங்க, பில்லப் போடுங்க” என்றான் அவன்.

பின்னால் கூடையோடு நின்ற முனீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. அருப்புக்கோட்டை சூப்பர் மார்க்கெட்டில் நாலாயிரத்துக்கு மைதாவும் எண்ணெயும் வாங்கிவிட்டு, நாற்பது பாயிண்ட்டை வீணாக விடுவானா ஒருத்தன்?

“ஏங்க... ஒங்களுக்கு வேண்டாம்னா என் நம்பர்ல ஏத்தச் சொல்லுங்க. இனிமே செவ்வாக்கிழம வாங்க, அன்னைக்கு டபுள் பாயிண்ட்டு.”

திரும்பினான். சிரிக்கும் கண்கள்... “டீச்சரா நீங்க?”

“தையல் கம்பெனி. நம்பர் சொல்லட்டுமா, வேண்டாமா?”

பெயர் விஜயபாண்டி, பாளையம்பட்டியில் பரோட்டாக் கடை என்பது பில் வருவதற்குள் தெரிந்துவிட்டது. பஸ் அவள் ஊரான பரளச்சி போய்ச் சேரும்வரை அந்தக் கண்கள் கூடவே வந்தன. சீ, என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் கவலை வேறு. வீட்டு கிரைண்டர் பழுதாகி, அம்மா தோள்வலியோடு ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஆயிரம் பாயிண்ட் சேர்ந்தால் கிரைண்டர் இலவசம். மார்ச் முடிந்தால் எல்லாம் அழிந்துவிடும். எனவே பருப்பு, சோப்பு எல்லாமே செவ்வாய் சாயங்காலம்தான். பக்கத்து வீட்டுச் சாமானையும் தன் நம்பரிலேயே வாங்கினாள்.

மார்ச் முப்பத்தொன்றும் செவ்வாயாகவே வந்தது. அவள் கணக்குக்கு அறுநூறுதான். குக்கராவது கிடைக்குமா என்று கேட்டாள்.

“ஆயிரத்து நானூறு இருக்குக்கா!” என்றாள் பில் போடும் அனுசியா. “பரோட்டாக்கட அண்ணன் வாராவாரம் காலைல ஒங்க நம்பரத்தான சொல்றாக. இன்னைக்குத்தான் சாயங்காலமாயிருச்சு... இந்தா, அவுகளே வாராக.”

முனீஸ்வரிக்கு முகம் சிவந்தது. “யார்ட்டயும் இனாமா வாங்குற ஆளு நான் இல்ல.”

“நீங்க கேட்டுத்தான குடுத்தேன்?”

“ஒரு தடவதான் கேட்டேன்! கிரைண்டர் வேண்டாம்.” கூடையை எடுத்தவள், நின்றாள். “மூணு மாசமா நம்பர் தெரியும்ல? கூப்பிட்டு ஒரு வார்த்த சொன்னீகளா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அது பாயிண்ட்டுக்குக் குடுத்த நம்பருங்க... எனக்குக் குடுக்கலயே. வாரத்துக்கு ஒருக்கா இங்க வந்து அந்த நம்பர வாய்விட்டுச் சொல்லிக்கிருவேன். அம்புட்டுதான்.” பிறகு மெதுவாக, “ஒங்கள எனக்குப் பிடிச்சிருக்கு.”

வெளியே பேருக்கு நாலு தூறல் விழுந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“கிரைண்டர எடுத்து வைம்மா” என்றாள் அனுசியாவிடம். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“என்னால தனியாத் தூக்க முடியாது. பரளச்சி வரைக்கும் வாரீகளா? யாரு சேத்த பாயிண்ட்டுன்னு எங்கம்மா கேப்பாக... நீங்களே சொல்லுங்க.”